அரிசி வந்துவிடுகிறது, ஆயா சம்பளம்தான் வருவதில்லை

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் அரசு தரும் பணத்தைப் பற்றியவை. அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வரி: நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகளுக்கு மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு இல்லத்தின் கணக்கை எழுதி வருகிறேன்.

என் மகனுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு 70 சதவீதம் என்று சான்று இருக்கிறது. சிறு வயதிலிருந்து போய்வந்த சிறப்புப் பள்ளியில், "18 முடிந்துவிட்டது, இனி வைத்துக்கொள்ள முடியாது" என்கிறார்கள். கணவர் இல்லை. நான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். பகலில் இவனை யாரிடம் விடுவது? அரசு இல்லம் ஏதாவது உண்டா?
— ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்காரர்கள் ஈரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பள்ளிக்கு வரும் மானியமும் அந்த வயதைச் சுற்றித்தான் கணக்கிடப்படுகிறது. 19 வயதுப் பிள்ளையைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டால், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அந்தப் பெயரைத்தான் சுழிப்பார். பிள்ளைக்கு 18 ஆனதும் தேவை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. ஆனால் பணம் அங்கே நின்றுவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம் இதுதான்.

சரி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் அரசு மானியத்தில் நடத்துகின்றன. உங்கள் மாவட்டத்தில் எது, இடம் இருக்கிறதா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். இடம் கேட்டு எழுதப்பட்ட மனு எத்தனை என்பதுதான் அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது துறையின் கையில் இருக்கும் ஆதாரம். கேட்காதவர்களை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு வேண்டியது தங்கும் இல்லம் இல்லை என்று தோன்றுகிறது. காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவர ஓர் இடம் இருந்தால் போதும், அல்லவா? அதற்குப் பகல்நேர மையம் தேட வேண்டும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை, 1999-ம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காக மட்டுமே அமைந்தது. சிறு பிள்ளைகளுக்கான 'திஷா' திட்டத்தையும் வளர்ந்தவர்களின் பகல்நேரப் பராமரிப்புக்கான 'விகாஸ்' திட்டத்தையும் இப்போது ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அதில் பதிவு பெற்ற மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். பையன் உங்களோடு இருந்து பழகியவன். வேறு வழியே இல்லை என்றால் தவிர, அவனை இராத் தங்கலுக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று மாற்றுத்திறனாளி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே 2016 சட்டத்தின் 5-வது பிரிவும் சொல்கிறது.

கையோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் கிடைக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? வரவில்லை என்றால் அதற்குத் தனி மனு கொடுங்கள். அப்புறம் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு, சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது. வலிப்பு மாத்திரை வாங்குகிற வீடுகளுக்கு இது பெரிய உதவி.

ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு 6 வயது. அரசு மானியம் பெறும் பள்ளியில் சேர்க்கலாமா, சாதாரணப் பள்ளியிலா?
— வாசகர், ஆவடி

அவள் எதில் சேர வேண்டும் என்பதைப் பிள்ளையைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் தேர்வு உங்களுடையது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத்தான் தந்திருக்கிறது. எந்தப் பள்ளியாவது "எங்களால் முடியாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு முட்டுக்காடு எட்டும் தூரம்தான். அங்கே 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஒருமுறை மதிப்பீடு செய்துகொண்டு முடிவெடுங்கள்.

நானும் என் நண்பர்களும் அறக்கட்டளை பதிவு செய்து, ஒரு வாடகை வீட்டில் 22 பேருக்குப் பகல்நேர மையம் நடத்துகிறோம். இதுவரை கைக்காசு. அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலைய விடுகிறார்கள். நல்லது செய்ய வருகிறவர்களுக்கு இவ்வளவு தடை எதற்கு ஐயா?
— இளம் சமூகப் பணியாளர், தருமபுரி

தம்பி, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் சான்றிதழ்கள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோய் உள்ளவர்கள், நம் பிள்ளைகளின் நிலை வேறு, அதற்கான சட்டமும் வேறு. ஆனாலும் தானாக எழுந்து வெளியே ஓட முடியாத ஒருவரை ஒரு கூரைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், அந்தக் கூரையை வெளியாள் ஒருவர் வந்து சோதிக்கத்தான் வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகளை விட்டுவிட்டு வரும்போது நான் முதலில் பார்ப்பது பின்வாசல் கதவு திறக்கிறதா என்பதைத்தான்.

இப்போது நடைமுறை. 2016 சட்டத்தின் 50-வது பிரிவுப்படி பதிவுச் சான்று இல்லாமல் இப்படி ஒரு நிறுவனத்தை நடத்தவே கூடாது. மானியம் வேண்டாம் என்றாலும் இது பொருந்தும். விண்ணப்பம் கொடுத்த 90 நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. சான்றை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். இந்தப் பதிவு கையில் வந்த பிறகே மானியப் பேச்சு.

பணம் வரும் வழிகள் மூன்று. ஒன்று மாநில அரசு. சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோருக்கு மதிப்பூதியம், பிள்ளைகளுக்கு உணவூட்டு மானியம் என்கிற வகையில் இது வரும். இரண்டாவது மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம். 1999-ல் வேறு பெயரில் தொடங்கி 2003-ல் இந்தப் பெயர் பெற்றது. 2018 ஏப்ரல் முதல் திருத்திய விதிகள். ஒப்புக்கொள்ளப்பட்ட செலவில் 90 சதவீதம் வரை தரலாம். 'இ-அனுதான்' இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாவட்டத்தில் ஆய்வு, மாநிலத்தின் பரிந்துரை, பிறகு டெல்லி என்று கோப்பு நகரும். மூன்றாவது, முன்பு சொன்ன தேசிய அறக்கட்டளைத் திட்டங்கள். ஒரே பிள்ளைக்கு ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டினால் அத்தோடு உங்கள் பெயர் கெட்டுவிடும். அதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள்.

90 சதவீதம் என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். 'ஒப்புக்கொள்ளப்பட்ட செலவு' என்பது நீங்கள் செய்கிற செலவு இல்லை. வாடகைக்கு இவ்வளவு, ஆசிரியருக்கு இவ்வளவு என்று திட்டமே உச்சவரம்பு வைத்திருக்கும். டயப்பர், வலிப்பு மாத்திரை, வேன் டீசல், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆட்டோ ஆகியவற்றுக்குத் தலைப்பு இருக்காது. இருந்தாலும் போதாது.

அதைவிட முக்கியம், பணம் வரும் காலம். நீங்கள் ஏப்ரலில் சம்பளம் கொடுக்க வேண்டும். முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையும் தந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றும் (மத்திய நிதி விதிகளின் 12-ஏ படிவம்) போய்ச் சேர்ந்த பிறகுதான் புதிய தவணை யோசனைக்கே வரும். எங்கள் இல்லத்துக்கு ஒரு மானியம் அடுத்த நிதியாண்டில் வந்திருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்லிப் பயனில்லை, அங்கிருந்த எழுத்தர்களும் நான் இருந்த நாற்காலியில் இருந்தவர்கள்தான். அந்த மாதங்களில் எங்கள் ஆயாக்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லிக் குடும்பம் நடத்தினார்கள். ஒருத்தி மட்டும் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளுக்குத் தலை வாரிவிட அவளுக்குத்தான் தெரியும். புதிதாக வந்தவளிடம் மகள் பல வாரம் தலையைக் கொடுக்கவே இல்லை.

எனவே குறைந்தது ஆறு மாதச் சம்பளத்தைத் தனி வைப்பாக வைத்துக்கொண்டு மானியத்துக்குள் இறங்குங்கள். தர்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு எண்), வருமான வரித் துறையில் அறக்கட்டளைப் பதிவு, பி.எஃப்.எம்.எஸ். (அரசுப் பணத்தை வங்கிக் கணக்கில் சேர்க்கும் மத்திய இணைய முறை) இணைப்பு, தனி வங்கிக் கணக்கு எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும். சம்பளத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். வருகைப் பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதிய பதிவேடு எப்படி இருக்கும் என்று தணிக்கையாளருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் பிறந்தநாள், திதி என்று இல்லங்களுக்குச் சாப்பாடு போடாத ஆளில்லை. நன்கொடை இவ்வளவு வரும்போது அரசுப் பணமும் ஏன் கேட்கிறார்கள்? வரிப்பணம் வேறு நல்ல காரியத்துக்குப் போகலாமே?
— வணிகர், ஈரோடு

இப்படி நேராகக் கேட்டதற்கு நன்றி. பலர் மனதில் இருப்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

சாப்பாடு போடுகிறவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். அவர்கள் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பல இல்லங்களில் அடுப்பு எரியாது. ஆனால் எங்கள் கணக்குப் புத்தகத்தை விரித்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆடி அமாவாசைக்கு மதியச் சாப்பாடு தர மூன்று குடும்பங்கள் போட்டி போடும். அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். பெயர்ப் பலகையோடு மின்விசிறி வரும், பீரோ வரும், கட்டடத்துக்குக்கூட ஆள் வருவார்கள். "என் அம்மா நினைவாக இந்த ஆண்டு இரவுநேர ஆயாவின் சம்பளம் என்னுடையது" என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இல்லம் என்பது அந்த ஆயாதான். ஒரு நேரத்துக்கு ஒரே ஓர் ஆள் அறையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், வீட்டு விசேஷம் சேர்த்தால் நான்கு. அதாவது எப்போதும் ஒருவர் கூட இருக்க, நான்கு பேருக்குச் சம்பளம். தூக்கி உட்கார வைக்க வேண்டியவர்கள் இருந்தால் ஒருவர் போதாது, இரண்டு பேர், அப்படியானால் எட்டுச் சம்பளம். இந்தச் செலவு ஒரு மாதம்கூட நிற்காது, தீபாவளிக்கு மட்டும் வராது, 40 ஆண்டு ஓடும். இப்படிப்பட்ட செலவைத் தாங்க வரிப்பணத்தால் மட்டுமே முடியும். நன்கொடையாளர் மனம் மாறலாம், வியாபாரம் படுக்கலாம், இறந்தும் போகலாம். படுக்கையில் இருக்கிறவருக்கு மறுநாளும் விடியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேர். சொல்லாமல் மறைத்த வீடுகள் இதில் இல்லை. இவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த அரசும் பார்த்துக்கொள்ளவில்லை, அம்மாக்கள்தான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாக்களுக்கு 70 வயதாகும்போது யார் என்பதுதான் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2016 சட்டத்தின் 55-வது பிரிவு, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அரசு தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு நிதி உதவி செய்யலாம் என்கிறது. அதாவது கட்டாயம் இல்லை. நிதி நெருக்கடி என்றால் தவணையைத் தள்ளிப்போடலாம், யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. நான் கருவூலத்தில் இருந்தவன். அரசு ஊழியர் சம்பளப் பட்டியலும் தொண்டு நிறுவன மானியப் பட்டியலும் ஒரே மேசைக்கு வந்தால் எது முதலில் பாஸ் ஆகும் என்று எனக்குத் தெரியும். இல்லப் பணியாளரின் ஊதியத்தையாவது அந்த முதல் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கட்டடம் மெதுவாக வரட்டும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பதிலாக, ஓர் இல்லத்தின் ஒரு பணியாளருக்கு ஓராண்டு வருங்கால வைப்பு நிதிப் பங்கைக் கட்டிப் பாருங்கள்.

எல்லை தாண்டி கேரளத்தில் பஞ்சாயத்தே இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறது என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, மார்த்தாண்டம்

உண்மைதான் சகோதரி. 'பட்ஸ்' பள்ளிகள் என்று பெயர். முதலாவது 2004-ல் உங்களுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் தொடங்கியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாகப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள். இன்று இரண்டும் சேர்த்து 300-க்கு மேல் இருக்கின்றன. உள்ளாட்சி தன் நிதியிலிருந்து நடத்துகிறது, கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. அங்கேயும் குறைகள் உண்டு. வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய்தான். நம்மிடம் உயர் ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்கு உதவியாளருக்கென்று 1,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டுமே ஒரு மனிதரின் உழைப்புக்கு ஈடாகாது. ஆனாலும் பஞ்சாயத்து பொறுப்பெடுத்ததில் பெரிய நன்மை இருக்கிறது: பள்ளி பிள்ளையின் ஊரிலேயே இருக்கிறது. வேன் செலவு பாதியாகக் குறையும். வார்டு உறுப்பினர் வழியில் பார்த்தால் நிறுத்திக் கேட்கலாம்.

நம் மாநிலத்தில் 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உங்கள் ஊரில் அப்படி வருகிறவரிடம் முதல் வாரமே போய், மூடிக் கிடக்கும் சமுதாயக் கூடம் ஒன்றைப் பகல்நேர மையமாக்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். இடம் பஞ்சாயத்து தந்தால், பணியாளருக்கு மாநில மானியம் கேட்பது எளிது.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியன், வயது 71. டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனுக்கு 36. ஒரு இல்லத்தில், "வீட்டை எங்கள் பெயரில் எழுதிக்கொடுங்கள், கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். மனைவிக்குச் சம்மதம். எனக்குத் தயக்கம். என்ன செய்வது?
— வாசகர், மன்னார்குடி

ஐயா, எழுதிக்கொடுக்காதீர்கள். அந்த இல்லத்தார் மிக நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் நிர்வாகிகள் மாறுவார்கள், மானியம் நிற்கும், இல்லமே மூடலாம். சொத்து கைமாறிவிட்டால் உங்கள் மகனுக்காகக் கேள்வி கேட்க யாருக்கும் பிடி இருக்காது. மாதா மாதம் பணம் கட்டுகிற ஏற்பாடுதான் பாதுகாப்பு.

அந்தப் பணத்துக்கு வழி உங்களிடமே இருக்கிறது. அரசு ஊழியரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, சம்பாதிக்க இயலாத நிலை என்றால், பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சேர்த்து, மருத்துவக் குழுவின் சான்றைக் கோப்பில் வைத்திருந்தால்தான் சுலபமாகக் கிடைக்கும். நான் பணியில் இருந்தபோது, இரண்டு பேரும் போன பிறகு ஒரு சித்தப்பா வெறும் பள்ளிச் சான்றோடு வந்து நிற்பார். அதன் பிறகு மாதங்கள் ஓடும், அந்தப் பிள்ளை அதுவரை யார் வீட்டிலோ இருக்கும்.

அப்புறம் சட்டப்பூர்வப் பாதுகாவலர். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி இதை நியமிக்கும். நீங்கள் இருக்கும்போதே நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் பேசி, அவரையும் விவரம் தெரிந்தவராக்கி வையுங்கள். வீட்டை மகனின் நலனுக்கான ஒரு தனி அறக்கட்டளையாக எழுதுவது பற்றி ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரில் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா, அதன் காலம் முடியவில்லையா என்று பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போங்கள். எத்தனை பணியாளர் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை ஆண்டாக அங்கே வேலை செய்கிறார்கள், கடைசியாகச் சம்பளம் எப்போது வந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். பழைய ஆட்கள் இருக்கும் இல்லம் என்றால் நம்பி, முதலில் ஒரு வாரம் மட்டும் மகனை விட்டுப் பாருங்கள். பிடித்திருக்கிறதா என்று அவனிடமும் கேளுங்கள், 36 வயது ஆள் அவன்.

ஓய்வூதியப் புத்தகத்தை இன்றே எடுத்து, அவன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் எந்தப் படிவம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.